தன்மை ஒருமை

அடிலெய்டில் முப்பத்தொன்பது பாகை.
வூல்வர்த்ஸ் கார்த் தரிப்பிடம், பின்சீற்றில் பால்.
மடியில் தொலைபேசி, அதில் ஒரு வேலை இலக்கம்.
இடம்: டான்டனோங். மொழி: தமிழ்.
பதின்ம வயதினர் மனநலப் பரிசோதனை, பத்துக் கேள்வி.

எங்கள் விதிகளில் ஒன்றுதான் கடினம்:
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது.
யார் பேசினாலும்
நான் 'நான்'.

தாதி ஹெதரின் குரல். கதிரை இழுபடுகிறது.
திறப்புக் கோர்வை மேசையில் விழுகிறது, அது தகப்பன்.
பரராஜசிங்கம் என்பதைப் பாதியில் விட்டு
மிஸ்டர் பரா என்றாள்.
மகன் துவாரகன், பதினைந்து.
வங்கியில், வரி அலுவலகத்தில், கார்க் கண்ணாடி உடைந்த அன்று
அவருக்கு அவன்தான் மொழிபெயர்ப்பாளன்.
இன்றைக்கு அனுமதியில்லை.
அப்பா இருக்கட்டும் என்று மட்டும் சொன்னானாம்.

கடந்த நாலு கிழமையில்
காரணம் தெரியாமல் களைத்துப்போனது எத்தனை தரம்?
ஒருபோதும் இல்லை, எப்போதாவது, சிலநேரம், அநேகமாக, எந்நேரமும்.
"அநேகமாக."
தகப்பன் மூக்கால் சிரித்தார்.
"ரெண்டு வேலை செய்யிறன், எனக்கு வராத களைப்போ?"
அதையும் ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன்,
இரண்டு வேலை செய்கிறேன் என்று,
காருக்குள் குளிரூட்டியைக் கூட்டியபடி.

'பதற்றம்' பிழையில்லாமல் போனது.
'நம்பிக்கையிழப்பு' வானொலிச் செய்திபோல விழுந்தது,
யாருக்கோ எங்கோ நடந்ததாக.

எட்டாவதில் ஒரு சொல்.
அகராதி அதற்குப் 'பயனற்ற' என்கிறது.
பயனற்ற காணி, பயனற்ற காசோலை.
ஒரு பிள்ளையை எந்த வீட்டில் அப்படிச் சொல்கிறார்கள்?
வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.
ஓர் இடறலும் இல்லாமல் வந்தது:

"ஒண்டுக்கும் உதவாதவன் எண்டு
உனக்குத் தோன்றினது எத்தனை தரம்?"

மற்றக் கேள்விகளுக்கு
ஆங்கிலம் முடிந்ததும் பதில் சொன்னவன்
இதற்கு மட்டும் என் தமிழ் முடியும்வரை இருந்தான்.
பிறகு சொன்னான்.
என் வாயில், என் குரலில், தகப்பன் காதில்:
"எந்நேரமும். அதுதான் நான்."

மௌனத்தை நாங்கள் மொழிபெயர்ப்பதில்லை.
திறப்புகள் ஒருமுறை அசைந்தன.
"பிள்ளை, அந்தச் சொல்லு
அவன் சொன்னதோ, நீங்கள் போட்டதோ?"

என்னிடம் கேட்டால் நான் பதில் சொல்லக்கூடாது.
கேள்வியை ஆங்கிலமாக்கி ஹெதரிடம் கொடுத்தேன்.
"அவன் சொன்னதுதான்" என்றாள்,
எந்தச் சொல்லென்று தெரியாமல்.

ஒன்பது. பத்து.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூட்டுகிறாள் போலிருந்தது.
"முப்பத்தாறு."
"நூறுக்கோ?"
"ஐம்பதுக்கு."
"அப்ப பாஸ்..." என்று தொடங்கி
அவர் பாதியில் நின்றார்.
இங்கே கூடினால் நல்லதில்லை, மிஸ்டர் பரா,
என்று ஹெதர் விளக்கத் தொடங்குமுன்
பையன் சிரித்துவிட்டான்,
நடுவில் குரல் உடைந்து, கீச்சென்று.

செவ்வாய் பத்து மணிக்குத் திரும்ப வரவேண்டும்,
உளவளத்துணையாளர் இருப்பார்.
சொன்னேன். "ஓம்" என்றார்.
பிறகு தொலைபேசிக்குத் தள்ளி, தாழ்ந்து,
வேறேதோ. ஆறேழு சொல் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளருக்குக் கேட்கவில்லை,
தயவுசெய்து திரும்பச் சொல்லவும்
என்றேன், விதிப்படி.

அவர் சொல்லவில்லை. மகன்தான்
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்,
அதைத் தமிழாக்குவது என் கடமை:

"அது எனக்குச் சொன்னது."

நாற்பத்தொரு நிமிடம்.
பால் திரைந்திருக்கும்.
கதவைத் திறக்குமுன் அடுத்தது வந்துவிட்டது,
பேர்த், தண்ணீர்க் கட்டணத் தகராறு.
"நான் கட்டமாட்டேன்"
என்று தொடங்கினேன்.